ஆபரேஷன் முடிந்து பூனை வீடு திரும்புகிறது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரி, காட்பாடி, தொரப்பாடி, பாகாயம் என்று வேலூரைச் சுற்றிப் பூனை வளர்ப்பவர்கள் பலர் எனக்குப் பழக்கம். கால்நடை மருத்துவமனையிலிருந்து பூனையைத் தூக்கிக்கொண்டு வீட்டு வாசலில் கால் வைத்ததுமே போன் செய்பவர்கள் அதிகம். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். கருத்தடை ஆபரேஷனைப் பற்றியே அதிகம் இருக்கும். ஆனால் காயத்துக்குத் தையல் போட்டாலும், பல் பிடுங்கினாலும், மயக்க மருந்து கொடுத்து எதைச் செய்தாலும் முதல் இரண்டு நாள் கவனிப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

உங்கள் பூனையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே செய்யுங்கள்.

கருத்தடை என்றால் உள்ளே என்ன செய்கிறார்கள்? காயம் எங்கே இருக்கும்?

பெண் பூனைக்கு வயிற்றைத் திறந்து சினைப்பைகளையும் கருப்பையையும் எடுத்துவிடுகிறார்கள். வெட்டு அடிவயிற்றின் நடுவில் இருக்கலாம், இடது விலாவுக்குக் கீழே பக்கவாட்டிலும் இருக்கலாம். இரண்டுமே சரியான முறைதான். வெளியே தெரிவது மேல்தோல் தையல் மட்டும். அதற்குக் கீழே தசைக்கும் தனித் தையல் உண்டு. ஆண் பூனைக்கு விதைப்பையில் சிறு வெட்டுப் போட்டு விதைகளை எடுப்பார்கள். அங்கே பெரும்பாலும் தையலே இருக்காது. அப்படித் திறந்து விடுவதுதான் வழக்கம், மருத்துவர் மறந்துவிட்டார் என்று நினைத்துப் பதற வேண்டாம்.

ஆண் பூனையின் காயம் ஐந்து முதல் ஏழு நாளில் மூடிவிடும். பெண் பூனைக்குப் பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. தையல் தானாகக் கரையுமா, பிரிக்க வேண்டுமா? வலிக்கு ஊசி போட்டார்களா, அடுத்த மருந்து எப்போது? இரவில் ஏதாவது என்றால் எந்த எண்ணில் கூப்பிடுவது? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் முக்கால்வாசிப் பேர் கேட்காமல் வந்துவிடுகிறார்கள்.

கட்டைப்பையில் போட்டு பைக்கில் கொண்டுவரலாமா?

வேண்டாம். மயக்கம் முழுதாகத் தெளியாத பூனைக்குத் தலையை நிமிர்த்தத் தெரியாது. பைக்குள் கழுத்து மடங்கிப்போனால் மூச்சுவிடச் சிரமப்படும், நமக்கும் வெளியே தெரியாது. அடிப்பாகம் தட்டையாக உள்ள கூண்டோ மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையோ வேண்டும். பழக்கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை ஒன்றின்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டினாலும் போதும். கீழே பழைய போர்வை, அதன்மேல் செய்தித்தாள். பூனையைப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் தலையும் கழுத்தும் நீட்டியபடி இருக்கட்டும்.

ஆட்டோவே நல்லது. குடியாத்தம், ஆரணிப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஆபரேஷனைக் காலையிலேயே வைத்துக்கொண்டு, பூனை தலை தூக்கி உட்கார ஆரம்பித்த பிறகு கிளம்புங்கள். பஸ்ஸில் வந்தே ஆக வேண்டும் என்றால் இன்ஜின் சூடு அடிக்கும் முன்பக்கம் வேண்டாம். கூடையைத் துணியால் மூடலாம், காற்று புகும்படி ஒரு பக்கத்தை விட்டு மூட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் எங்கே விடுவது?

ஒரு சிறிய அறை, மூடிய கதவு, தரையில் விரிப்பு. கட்டில், பீரோ, ஜன்னல் திண்ணை எதற்கும் ஏற முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முதல் இரவு பூனைக்குத் தான் சரியாக இருப்பதாகவே தோன்றும், கால்தான் ஒத்துழைக்காது. தாவப்போய் விழுந்து உள்தையல் விட்டுப்போவது இப்படித்தான். பீரோவுக்கு அடியில் நுழைய இடம் இருந்தால் அட்டையை வைத்து அடைத்துவிடுங்கள். தண்ணீர் நிரம்பிய வாளி உள்ள குளியலறை மட்டும் வேண்டவே வேண்டாம், தள்ளாடுகிற பூனை அதில் தலைகுப்புற விழுந்துவிடும்.

மயக்க மருந்து உடம்பின் சூட்டுக் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடும். மார்கழி இரவானால் குளிர் ஏறும், சித்திரை மதியமானால் வெப்பம் ஏறும். மின்விசிறிக்கு நேர் கீழேயோ ஏர்கூலருக்கு எதிரேயோ படுக்கவைக்காதீர்கள். குளிர் காலத்தில் வெந்நீர் பாட்டிலைத் துணியில் நன்றாகச் சுற்றி அருகில் வைக்கலாம். உடம்போடு ஒட்டி வைத்தால் நகரத் தெரியாத பூனைக்குத் தோல் வெந்துவிடும். வெயில் காலத்தில் மேல்மாடி அறையை விட்டுவிட்டுக் கீழ்த்தள அறையைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ணைத் திறந்துகொண்டே அசையாமல் கிடக்கிறது. கூப்பிட்டால் திரும்பவில்லை. பயமாக இருக்கிறது அக்கா.

பூனைகளுக்கு அதிகம் பயன்படும் மயக்க மருந்தான கீட்டமைனின் இயல்பே இதுதான். கண் மூடாது, கண்மணி பெரிதாக விரிந்திருக்கும். தலை இடமும் வலமுமாக ஆடலாம், எச்சில் வடியலாம், எழுந்தால் குடித்தவரைப் போல நடக்கலாம். ஓரிரு முறை வாந்தியும் வரலாம். மறுநாள் காலைக்குள் பெரும்பாலும் சரியாகிவிடும். கண் காயாமல் இருக்க மருத்துவர் களிம்பு போட்டு அனுப்பியிருப்பார், அதைத் துடைத்துவிடாதீர்கள்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப முயல வேண்டாம். விலாவைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் பூனை நிமிடத்துக்கு இருபது முப்பது முறை மூச்சு விடும். உதட்டை லேசாகத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். மூச்சு சீராக இருந்து, ஈறும் சிவந்திருந்தால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கவிடுங்கள். மணிக்கொரு முறை எட்டிப் பார்த்தால் போதும். இந்த இரவில் பூனைக்கு வேண்டியது உங்கள் கண்தான், கை அல்ல.

காலையிலிருந்து பட்டினி. எப்போது சாப்பாடு கொடுப்பது?

தானாக நிமிர்ந்து உட்கார்ந்து, தள்ளாடாமல் நாலடி நடந்த பிறகு. முதலில் சிறிது தண்ணீர் வையுங்கள். அது தங்கினால் அரைமணி கழித்து வழக்கமான உணவில் கால் பங்கு. அதுவும் தங்கினால் சில மணி நேரம் கழித்து இன்னொரு கால் பங்கு. அரைமயக்கத்தில் உள்ள பூனையின் வாயில் சிரிஞ்சால் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும்.

முதல் நாள் சாப்பிடாவிட்டால் பரவாயில்லை. இருபத்துநான்கு மணி நேரம் தாண்டியும் ஒரு வாய் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பூனை மனிதரைப் போலவோ நாயைப் போலவோ விரதம் தாங்காது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர்ந்து அதுவே தனி நோயாகிவிடும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

பால் கொடுத்தால் தெம்பு வருமே? கறி, கருவாடு கொடுக்கலாமா?

வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பசும்பாலின் சர்க்கரை செரிக்காது. ஆபரேஷன் ஆன அன்று பால் ஊற்றினால் தெம்புக்குப் பதில் வயிற்றுப்போக்குதான் வரும், காயமும் அழுக்காகும். கருவாட்டில் உப்பு அதிகம். பிரியாணிச் சட்டியில் மிஞ்சிய கறித்துண்டு ஆகவே ஆகாது. ஆம்பூர் பிரியாணியானாலும் நம் வீட்டு பிரியாணியானாலும் அதில் வெங்காயமும் பூண்டும் இருக்கின்றன, இரண்டுமே பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

உப்பு, மசாலா எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழியைப் பிய்த்து, அந்த வேகவைத்த நீரோடு வெதுவெதுப்பாகக் கொடுங்கள். மணம் தூக்கலாக இருந்தால்தான் பூனை வாயைத் திறக்கும். கடை உணவு பழகிய பூனையானால் அதையே கொடுங்கள், புது உணவுக்கு இது நேரமில்லை.

வலியில் முனகுகிறது. குழந்தைக்குக் கொடுக்கும் காய்ச்சல் சிரப்பில் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

அந்த சிரப்பில் இருப்பது பாராசிட்டமால். குரோசின், டோலோ, கால்பால் எல்லாம் அதே மருந்துதான். மனிதக் கல்லீரல் பாராசிட்டமாலை எந்த வழியில் பிரித்து வெளியேற்றுகிறதோ அந்த வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. மருந்து நஞ்சாக மாறி ரத்தத்தைத் தாக்கும். ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும். ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். அரை மாத்திரையே ஒரு பூனையைக் கொன்றுவிடப் போதும். யாராவது தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முறிவு மருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் போனால்தான் பயன். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஐபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் ஆகியவற்றையும் வீட்டில் எடுத்துக் கொடுக்கக் கூடாது. மூட்டுவலிக்கு நாம் தடவும் களிம்பும் அப்படியே. தடவிய கையைப் பூனை நக்கினாலே ஆபத்து. பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதிக் கொடுத்த வலி மாத்திரை மிஞ்சியிருக்கிறது என்று யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள். மருத்துவமனைகளுக்குப் பேர்போன நம் ஊரில் திரும்பிய பக்கமெல்லாம் மருந்துக் கடை. ஒரு மாத்திரை வாங்குவது இங்கே அவ்வளவு எளிது, அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன். பூனைக்கு வலி இருந்தால் அதன் எடையைப் பார்த்து மருத்துவர் கொடுக்கும் மருந்து இருக்கிறது. மெலாக்சிகாம் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் அளவும் நாளும் அவர் எழுதியபடிதான். வலி தீரவில்லையே என்று நீங்களாக ஒரு வேளை கூட்டினால் சிறுநீரகம் கெட்டுவிடும்.

எது வலி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பூனை வலியில் பெரும்பாலும் கத்தாது. முதுகைக் குறுக்கிக்கொண்டு, கண்ணை இடுக்கி, காதைப் பக்கவாட்டில் தணித்து, மூலையில் உட்கார்ந்திருக்கும். தொட்டால் உறுமும். மயக்கம் தெளியும்போது வரும் முனகல் வேறு, அது சில மணி நேரத்தில் அடங்கிவிடும்.

மஞ்சள் வைக்கலாமா? என் மாமியார் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தயாராக வைத்திருக்கிறார்.

அவருக்குப் பூனைமேல் உள்ள அக்கறைக்கு வணக்கம். ஆனால் காயத்தில் எதுவும் வைக்க வேண்டாம். ஆபரேஷன் தையல் சுத்தமாக மூடப்பட்ட காயம், அதற்கு வேண்டியது காய்ந்த காற்றுதான். மஞ்சள் தூள் கிருமியில்லாத பொருள் அல்ல. அது காயத்தின்மேல் பொருக்குக் கட்டினால் அடியில் சீழ் பிடித்தாலும் தெரியாது. எண்ணெய் இருந்தால் பூனை நக்கிக்கொண்டே இருக்கும், எறும்பும் வரும். வேப்பெண்ணெய், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம் மூன்றும் பூனைக்கு நச்சு.

டெட்டாலும் வேண்டாம். அதில் உள்ளது பீனால் வகை மருந்து, பூனையின் கல்லீரல் அதையும் சமாளிக்காது. காரணம் பாராசிட்டமால் பதிலில் சொன்னதேதான். அறையைத் துடைக்கப் பினாயில் கூடச் சேர்க்காதீர்கள், சோப்பு நீரால் துடைத்து வெறும் தண்ணீரால் கழுவினால் போதும். மருத்துவர் ஏதாவது களிம்போ ஸ்பிரேயோ கொடுத்திருந்தால் அது ஒன்றுதான்.

கழுத்தில் போட்ட கூம்பைப் பார்த்தாலே பாவமாக இருக்கிறது. கழற்றிவிடலாமா?

பூனையின் நாக்கு முள்ளாலான அரம். ஒரு இரவு போதும், தையலை ஒவ்வொன்றாக உருவிவிடும். குடல் வெளியே வந்து விடியற்காலையில் மருத்துவரைத் தேடி ஓடியவர்களை எனக்குத் தெரியும். பெண் பூனைக்குத் தையல் பிரிக்கும் வரை கூம்பு இருக்கட்டும். சாப்பிடும்போது கழற்றலாம், நீங்கள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும். முதல் நாள் பின்னாலேயே நடக்கும், சுவரில் இடிக்கும், சிலைபோல உட்காரும். இரண்டாம் நாள் பழகிவிடும்.

கடையில் கிடைக்கவில்லை என்றால் பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிச் செய்யலாம். வேலூரில் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் ஒன்று இருக்கும். மூக்கு நுனியைத் தாண்டி ஒரு அங்குலம் நீள வேண்டும். கழுத்துக்கும் கூம்புக்கும் இடையில் இரண்டு விரல் நுழைய வேண்டும். ஓரங்களில் துணி டேப் ஒட்டாவிட்டால் கழுத்தை அறுக்கும். கூம்பை அறவே ஏற்காத பூனைக்குப் பழைய பனியனில் நான்கு கால் ஓட்டை போட்டு முதுகில் முடிச்சிட்டுச் சட்டையாக்கலாம். அது ஈரமானால் உடனே மாற்ற வேண்டும்.

மணல் தட்டு வைக்கலாமா? இன்னும் சிறுநீரே போகவில்லை.

முதல் சில நாளுக்கு மணலும் மரத்தூளும் வேண்டாம், காயத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆண் பூனையின் திறந்த காயத்துக்கு இது இன்னும் முக்கியம். செய்தித்தாளைக் கிழித்துப் போடுங்கள். தட்டின் விளிம்பு தாழ்வாக இருக்கட்டும், காலை உயர்த்தித் தாண்ட வலிக்கும்.

இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும். மலம் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகலாம், பட்டினி கிடந்த குடலில் எதுவும் இல்லை. ஆனால் ஆண் பூனை தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் சொட்டு வராவிட்டால் அது வேறு கதை. சிறுநீர்ப் பாதை அடைப்பு ஒரிரு நாளில் உயிரைப் பறிக்கும். அடைப்புக்காகவே குழாய் போட்டுத் திரும்பிய பூனையானால் இன்னும் கவனம் தேவை, அது மறுபடியும் அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். காலை வரை காத்திருக்காதீர்கள்.

எறும்பு மொய்க்கிறது. சுற்றிலும் எறும்புச் சாக்பீஸால் கோடு போடலாமா?

அந்தச் சாக்பீஸில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து. நாய் தாங்கும், பூனை தாங்காது. பாதத்தில் பட்டதை நக்கினாலே நடுக்கமும் வலிப்பும் வரலாம். நாய்க்கான உண்ணிப் பவுடரும் இதே வகைதான் பெரும்பாலும். அதையும் அண்டவிடாதீர்கள்.

சாப்பாட்டுத் தட்டை, தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தின் நடுவில் வையுங்கள். சாப்பிட்டு முடித்ததும் எடுத்துவிடுங்கள். எச்சில், ரத்தம் பட்ட துணியை அன்றன்றே மாற்றுங்கள். எறும்பைவிட நான் பயப்படுவது ஈக்குத்தான். மழைக்காலத்தில் ஈரக் காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரு நாளில் புழு வைத்துவிடும். ஜன்னலுக்கு வலை இல்லையென்றால் கொசுவலையைக் கூண்டின்மேல் போர்த்துங்கள். கொசுவர்த்தியும் சாம்பிராணிப் புகையும் அந்த அறையில் வேண்டாம்.

மாத்திரையைத் துப்பிவிடுகிறது. வெறும் வாயில் தள்ளிவிட்டால் போதுமா?

தள்ளிய பிறகு சிரிஞ்சால் ஐந்து மில்லி தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். வெறும் மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே தங்கிவிடும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை அப்படித் தங்கினால் குழாயைப் புண்ணாக்கிச் சுருங்கவைத்துவிடும். கோழித் துணுக்குக்குள் ஒளித்து வைப்பதும் நல்ல வழி, முதலில் மாத்திரை இல்லாத துணுக்கு இரண்டைக் கொடுத்து நம்பவைத்தபிறகு.

தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப்புகள் சிலவற்றைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், லேபிளைப் பாருங்கள். மாத்திரை கொடுக்கவே முடியவில்லை என்றால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், ஊசியாகப் போட்டுவிடுவார்.

தையலுக்குப் பக்கத்தில் உருண்டையாக வீங்கியிருக்கிறது. இது நல்லதா கெட்டதா?

தையல் கோட்டின் அடியில் சிறிய, கெட்டியான, வலியில்லாத தடிப்பு பெரும்பாலும் உள்தையலுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை. சில வாரத்தில் கரைந்துவிடும். ஓடியாடிய பூனைக்கு நீர் கோத்துக்கொண்டு மெத்தென்று வீங்குவதும் உண்டு. மென்மையாக இருக்கிறது, அழுத்தினால் உள்ளே போகிறது, நாளுக்கு நாள் பெரிதாகிறது என்றால் உள்தசைத் தையல் விட்டிருக்கலாம். அதை அழுத்தியே பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுவது மேல்.

சூடாக, சிவந்து, நாற்றத்தோடு மஞ்சள் நீர் வந்தால் கிருமித் தொற்று. முதல் நாள் ஓரிரு சொட்டு ரத்தம் இயல்பு. துணி நனையும் அளவு இயல்பல்ல. தினமும் ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் காயத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் அப்போதுதான் பிடிபடும், மருத்துவருக்கு அனுப்பவும் ஆகும்.

வீட்டில் உள்ள இன்னொரு பூனை இதைப் பார்த்துச் சீறுகிறது. நேற்று வரை ஒரே தட்டில் சாப்பிட்டவை.

அதற்குத் தெரிந்த மணம் போய்விட்டது. திரும்பி வந்தது மருத்துவமனை வாசனையோடு ஓர் அந்நியப் பூனை. ஓரிரு நாள் தனி அறைகளில் வையுங்கள். இதன் துணியை அதன் படுக்கையிலும் அதன் துணியை இதன் படுக்கையிலும் மாற்றிப் போடுங்கள். கதவின் இரு பக்கமும் சாப்பாடு வையுங்கள். திட்டி அடக்க வேண்டாம், மணம் திரும்பினால் நட்பும் திரும்பிவிடும்.

மருந்து கொடுக்கும்போது கடித்துவிட்டது. வீட்டுப் பூனைதானே?

வீட்டுப் பூனையானாலும் முதலில் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அதே நாளில் மனித மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசி அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம். பூனையின் தடுப்பூசி அட்டையை எடுத்துச் செல்லுங்கள். பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும், மேலே சிறு புள்ளி தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும். கை வீங்கும் வரை பார்க்காதீர்கள்.

ராத்திரியில் எதைப் பார்த்தால் ஓட வேண்டும்? எங்கே ஓடுவது?

ஈறு வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருந்தால், வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், துணி நனைய ரத்தம் வந்தால், காயம் பிளந்தால், வலிப்பு வந்தால், வாந்தி நிற்காமல் தொடர்ந்தால், மறுநாள் காலையும் எழுந்து நிற்க முடியாவிட்டால். காயம் பிளந்து உள்ளே இருப்பது வெளியே வந்தால் உள்ளே தள்ள முயலாதீர்கள். சுத்தமான துணியைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்து மூடி, வயிற்றைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

முதல் அழைப்பு ஆபரேஷன் செய்த மருத்துவருக்கு. என்ன மயக்க மருந்து கொடுத்தார், எப்படித் தைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். பெரிய கல்லூரி மருத்துவமனை என்றால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, அல்லது சித்தூர் வழியாகத் திருப்பதி. இரண்டுமே மணிக்கணக்கில் பயணம். அதனால்தான் முதல் கேள்வியிலேயே இரவு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

குளிப்பாட்டுவது எப்போது? மாடிக்கு விடுவது எப்போது?

இரண்டும் தையல் பிரித்த பிறகு. தையல் தானாகக் கரையும் வகை என்றாலும் பதினான்கு நாள் பொறுங்கள்.

எந்த மாதத்தில் ஆபரேஷன் வைத்துக்கொள்வது நல்லது?

உடல்நலக் காரணத்துக்காகச் செய்வதானால் மாதம் பார்க்காதீர்கள். கருத்தடையானால் நீங்களே தேதி தேர்ந்தெடுக்கலாம். கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், மின்வெட்டும் சேர்ந்துகொண்டால் மயக்கம் தெளியும் பூனை திண்டாடிவிடும். தீபாவளி வாரமும் வேண்டாம், வெடிச்சத்தத்தில் மிரண்டு தாவும். குடியாத்தத்துக்காரர்கள் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேளமும் வெடியும் கூட்டமும் வெயிலும் ஒன்றாகச் சேரும் நாள் அது.

ஒரு ஈற்றாவது போட்ட பிறகு செய்திருக்கலாமே, பாவம் என்கிறார் பாட்டி.

பாட்டியிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு முறை குட்டி போடுவதால் பூனையின் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை. மாறாக, ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்த பூனைகளுக்கு மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து சுமார் 91 சதவீதம் குறைவு என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பூனைக்கு வரும் மார்பகக் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய்தான், அதனால் இது சிறிய விஷயமல்ல. கருப்பையில் சீழ் கட்டும் நோயும் வராது. பிறக்கும் குட்டிகளுக்கெல்லாம் வீடு தேடிக் கொடுக்க முடியாமல் தவித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாவம் என்ற சொல்லை அந்தக் குட்டிகளுக்காக வைத்துக்கொள்ளலாம்.

குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாய்க்குச் செய்துவிட்டார்கள். பால் வற்றிவிடுமா?

வற்றாது. பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் மூளையின் அடியில் உள்ள சுரப்பியிலிருந்து வருகிறது, எடுத்துவிட்ட உறுப்புகளிலிருந்து அல்ல. தாய் முழுதாகத் தெளிந்து தானாக நடக்கத் தொடங்கியதும் குட்டிகளை விடலாம். தள்ளாடும்போது விட்டால் குட்டியின்மேல் படுத்துவிடக்கூடும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பனியன் சட்டை போட்டால் குட்டிகளுக்கு முலைக்காம்பு கிடைக்காது, கூம்பு போட்டால் தாய் குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்ய முடியாது. கூம்பையே போட்டுவிட்டு, பால் கொடுக்கும் நேரத்தில் பக்கத்தில் இருந்து கழற்றி மாட்டுவதுதான் வழி. மிகச் சிறிய குட்டிகளானால் அவற்றின் பின்புறத்தை ஈரப் பஞ்சால் நீங்கள் துடைத்துவிட வேண்டும், அந்தத் தூண்டுதல் இல்லாமல் அவை சிறுநீர் கழிக்காது. இப்படிப்பட்ட தாய்களுக்குப் பக்கவாட்டு வெட்டையே பல மருத்துவர்கள் விரும்புவார்கள்.

ஆபரேஷன் முடிந்து மாதமாகிறது. இன்னும் இணை தேடிக் கத்துகிறது. சரியாகச் செய்யவில்லையா?

ஆண் பூனையானால் பொறுங்கள். ஹார்மோன் தணியச் சில வாரம் ஆகும். அதுவரை விந்து மிச்சமும் இருக்கலாம் என்பதால் ஒரு மாதத்துக்கு மேல் கருத்தடை ஆகாத பெண் பூனைகளிடமிருந்து பிரித்தே வையுங்கள். பெண் பூனையானால் சில நாளில் அடங்கியிருக்க வேண்டும். அடங்கிய பிறகு மறுபடி தரையில் உருண்டு, பின்பக்கத்தைத் தூக்கிக் கத்தினால் சினைப்பையின் துணுக்கு ஏதாவது உள்ளே தங்கியிருக்கலாம். அந்த நடத்தையை வீடியோ எடுத்து, அது நடக்கும் நாட்களிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். அப்போதுதான் பரிசோதனையில் தெரியும், தேடி எடுப்பதும் எளிது. சண்டைக்குப் போகாதீர்கள், கவனமான கைகளுக்கும் இது நேர்வதுண்டு.

எங்கள் தெருப்பூனைக்குச் செய்தோம். வீட்டுக்குள் அடைத்தால் சுவரில் மோதுகிறது. எப்போது வெளியே விடுவது?

ஆண் பூனையை முழுதாகத் தெளிந்து சாப்பிட்டபின், ஒரு நாள் கழித்து விடலாம். பெண் பூனையை இரண்டு மூன்று நாளாவது கூண்டில் வையுங்கள். கூண்டைத் துணியால் முழுக்க மூடினால் மோதுவது நிற்கும், இருட்டு அதற்கு ஆறுதல். கையில் பிடித்துக் கூம்பு மாட்ட முயல வேண்டாம், உங்களுக்குத்தான் காயம். தெருப்பூனை என்று முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் கரையும் தையலே போடுவார். இடது காது நுனியைச் சிறிது வெட்டிவிடவும் சொல்லுங்கள். அதை மயக்கத்திலேயே செய்துவிடுவார்கள், தூரத்திலிருந்து பார்த்தாலே ஆபரேஷன் ஆன பூனை என்று தெரியும், இன்னொரு முறை பிடித்து வயிற்றைத் திறக்க மாட்டார்கள்.

பாலாற்றங்கரையிலோ மலையடிவாரத்திலோ சுதந்திரமாக இருக்கட்டும் என்று கொண்டுபோய் விடுவது கொடுமை. தண்ணீர் எங்கே, நாய் எங்கே என்று அதற்குத் தெரிந்தது பிடித்த தெரு மட்டும்தான். அதே இடத்தில், போக்குவரத்து தொடங்காத அதிகாலையில் கூண்டைத் திறந்து, விலகி நில்லுங்கள். வழக்கமாகச் சோறு வைக்கும் இடத்தில் பத்து நாளாவது தவறாமல் வையுங்கள். சாப்பிட வந்தால் எட்டி நின்றே வயிற்றுப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நாள் வராவிட்டால் பக்கத்துச் சந்துகளிலும் நிறுத்தியிருக்கும் கார்களின் அடியிலும் தேடுங்கள்.